ஞாயிற்றுக்கிழமை ஷாலினா

வாரத்தில் ஆறு நாள் டிராம் ஓட்டுகிறேன்.
பிர்னோ நகரத்தார் அதை டிராம் என்பதில்லை,
ஷாலினா என்பார்கள்,
கொஞ்சம் செல்லமாக, கொஞ்சம் எரிச்சலாக,
எப்போதும் தாமதமாக வரும் அத்தை மகளைக்
கூப்பிடுவதுபோல.

ஏழாம் நாள் காலை
ஃப்ரிட்ஜின் கடைசித் தட்டில்
சுருண்டு படுத்திருக்கிறது ஒரு மாவுச்சுருள்.
வெண்ணெயும் மாவும் மாறி மாறி மடித்தது,
எத்தனை அடுக்கென்று கடைக்காரருக்கே தெரியாது.
"எழுப்பட்டுமா?" என்கிறான் ஹினெக்.
நான்கு வயது. எழுப்புவதில் வல்லவன்.
ஐந்தே முக்காலுக்கு என்னை எழுப்பியவனும் அவன்தான்.

கூடையில் ஆப்ரிகாட்,
ஒரு கன்னம் மட்டும் வெயிலில் சிவந்தவை.
மரத்தில் எந்தப் பக்கம் தெற்கு என்று
இப்போதும் காட்டிக்கொடுக்கும்.
பிறகு செர்ரி, காம்போடு, இரண்டிரண்டாக.
காதில் ஒரு ஜோடி மாட்டிக்கொண்டுதான்
வெந்துலாவுக்கு மற்ற வேலையெல்லாம்.

மாவை விரித்தேன். விரல்நுனியில் குளிர் ஏறியது.
பிறையாக வெட்டலாமா?
பூ? நட்சத்திரம்?
"ஷாலினா," என்றார்கள் இருவரும்,
என்னுடைய ஒரே விடுமுறை நாளில்.

சரி.
முன்னால் ஒரு பெட்டி, பின்னால் ஒரு பெட்டி,
நடுவே கோக்க ஒரு மாவுத்துண்டு,
உச்சியில் மின்கம்பியைத் தொடும் கொம்பு.
கதவு எந்தப் பக்கம் என்பதில் தகராறு.
வலப்பக்கம். அதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.
ஆப்ரிகாட் பாதிகளைக் கவிழ்த்தால் சக்கரம்.
செர்ரிகள் பயணிகள்.
கொட்டை எடுத்ததில் சுவரெல்லாம் சிவப்பு.
"யாருக்கும் காயமில்லை," என்று
என் குரலிலேயே அறிவித்தாள் வெந்துலா.
ஹினெக் ஒவ்வொருவர் தலையிலும்
ஒரு சிட்டிகை சர்க்கரை வைத்தான்.
அதுதான் பயணச்சீட்டு.
சீட்டில்லாதவர்களைத் தின்றுவிட்டான்.
பதினொரு பேர்.

எங்கள் அடுப்பின் கதவு ஒழுங்காக மூடாது,
நாற்காலி ஒன்றை முட்டுக் கொடுக்க வேண்டும்.
மூவரும் தரையில் உட்கார்ந்து
கண்ணாடி வழியே பார்த்தோம்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
நிறுத்தத்தில் காத்திருப்பவர்களின் முகம்
எனக்கு மனப்பாடம்,
கண்ணாடிக்கு உள்ளே இருந்து பார்த்தது.
இன்றுதான் வெளியே இருக்கிறேன்.
வருமா வருமா என்று
கழுத்து தானாகவே நீள்கிறது.

வந்தது.
மாவு ஒரு மூச்சு இழுத்தது,
பிறகு விடவே இல்லை.
அடுக்கின்மேல் அடுக்காக உப்பி
பின்பெட்டி முன்பெட்டியின் முதுகில் ஏற,
கொம்பு சரிந்து காதாக மடங்க,
சக்கரங்கள் நான்கு திசைக்கும் வழுக்க,
கதவு திறக்குமுன்பே இறங்கிய செர்ரிகள்
தட்டில் கொதித்துக் கூச்சலிட்டன.
வெளியே எடுத்தபோது
அது ஒரு நீர்யானை.
எப்படித் திருப்பினாலும் நீர்யானை.

ஹினெக்கின் கீழுதடு நடுங்கத் தொடங்கியது.
வெந்துலா காதிலிருந்து ஒரு செர்ரியைக் கழற்றி
அதற்குக் கண் வைத்தாள்.
"பயணிகளின் கவனத்திற்கு.
ஷாலினா இன்று ஓடாது.
அதற்குப் பதிலாக நீர்யானை இயக்கப்படும்."
பத்து வருடமாக ஒலிபெருக்கியில் பேசுகிறேன்,
இவ்வளவு நல்ல செய்தியை
ஒருநாளும் சொன்னதில்லை.

புகையா என்று கேட்க வந்த கீழ்வீட்டு ஸ்லாமா
மூக்குக்கு விடை கிடைத்ததும்
செருப்பைக் கழற்றினார்.
நேற்று நான்காம் எண் எட்டு நிமிடம் தாமதம்
என்று ஆரம்பித்தார்.
பின்னங்காலை ஒடித்துக் கையில் கொடுத்தேன்.
நொறுங்கும் சத்தத்தில் புகார் நின்றது.

சூட்டில் ஆப்ரிகாட்டுக்குப் புளிப்பு கூடும்,
சர்க்கரையை நம்பிக் கடித்தவர் கண்ணைச் சுருக்குவார்.
மடியெல்லாம் செதில், புருவத்தில் செதில்,
ஸ்லாமாவின் மீசையில் ஒரு முழுக் கூரை.
தெருவில் நிஜ ஷாலினா மணியடித்துக்கொண்டு போனது.
யாரும் தலை நிமிரவில்லை, நானும்.

இப்போது தட்டில் வால் மட்டும் இருக்கிறது.
யாருக்கு என்று பேச்சுவார்த்தை நடக்கிறது.